வணிகத்தின் சுருக்கக் குறிகள்: தந்திக் குறிநூல் முதல் கணனி மொழி வரை

வணிகம் வளர்ந்த இடமெல்லாம் சுருக்கக் குறிகளும் வளர்ந்துள்ளன. பண்டத்தின் பெயர், அளவு, விலை, நாள் ஆகியவற்றை ஒரே நாளிற் பலநூறு முறை எழுத நேர்பவன் அவற்றை ஒவ்வொரு முறையும் முழுமையாக எழுதிக்கொண்டிருக்க மாட்டான். சொல் எழுத்தாகக் குறுகும். எழுத்து ஒரு கீறலாகக் குறுகும். காலமும் தாளும் மிச்சமாகும். ஆயின் வணிகக் குறி எழுதியவனோடு நின்றுவிடுவதில்லை. அதனைப் பங்காளி வாசிக்கிறான். தூரதேசத்து முகவர் வாசிக்கிறார். நம் காலத்திற் கணனியும் வாசிக்கின்றது. எழுதியவன் கருதிய பொருளையே வாசிப்பவனும் கொள்ளும்வரை சுருக்கம் இலாபம் தரும். பொருள் பிறழுமாயின் மிச்சம் பிடித்த ஓரெழுத்தின் விலையாகப் பெருஞ்செல்வம் அழியவும் கூடும்.

இன்று பங்குச் சந்தைகளில் வாங்கலும் விற்றலும் பெருமளவிற் கணனிச் செய்நிரல்களாலேயே நடைபெறுகின்றன. அச்செய்நிரல்களை எழுதுவதற்கெனத் தனி மொழிகளும் உருவாகியுள்ளன. அம்மொழிகளை வகுத்தோர், எவ்வளவு சுருக்கலாம், எதனைச் சுருக்கலாகாது என்னும் வினாவுக்கு விடை காண வேண்டியிருந்தது. அவ்வினா கணனியோடு பிறந்ததன்று. அதற்கு முன்பே நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

கணக்கேட்டின் குறிகள்

கூட்டலையும் கழித்தலையும் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் + , − என்னும் குறிகள் அச்சு நூலில் முதன்முதல் இடம்பெற்றது 1489ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வெளிவந்த ஒரு வணிகக் கணித நூலிலாகும். அதனை எழுதியவர் ஜொஹன்னஸ் விட்மன். அந்நூலில் அக்குறிகள் மிகையையும் குறைவையும் சுட்டும் அடையாளங்களாகவே பெரிதும் நின்றன. தூய கணிதத்தின் செயற்குறிகளாக அவை நிலைபெற்றது பின்னரே. சமன்குறி 1557இல் வேல்ஸ் நாட்டவரான றொபேட் றெக்கோட் எழுதிய நூலில் வந்தது. ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்க்கவே அதனை அமைத்ததாக அவர் காரணம் கூறினார். இரண்டு இணைகோடுகளைவிடத் தம்முட் சமனான பிறிதொன்று இல்லை என்பது அவ்வடிவத்தைத் தேர்ந்தமைக்கு அவர் கூறிய நியாயம். சலிப்பு சுருக்கத்தைத் தோற்றுவித்தது. பொருளோடு இயைந்த வடிவம் அச்சுருக்கத்திற்குத் தெளிவை அளித்தது.

தமிழரின் கணக்கேடுகளிலும் இத்தகைய குறிகள் நிறைந்து காணப்படுகின்றன. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படி என்பதற்கு ௸, நாளுக்கு ௳, மாதத்திற்கு ௴, வருடத்திற்கு ௵, ரூபாவுக்கு ௹ என வழங்கிய குறிகள் 2003இல் உலகப் பொது எழுத்துக் குறியேற்றமான யுனிகோட்டிலும் இடம்பெற்றன. இவற்றோடு ஒரு செய்தியும் நோக்கற்பாலது. தமிழ் எண்களுட் சில எழுத்துக்களின் வடிவையே கொண்டுள்ளன. ஒன்றைக் குறிக்கும் ௧ ககரத்தைப் போன்றது. இரண்டைக் குறிக்கும் ௨ உகரத்தைப் போன்றது. ஏழும் எட்டும் முறையே எகரத்தையும் அகரத்தையும் ஒத்தன. எனினும் கணக்கேட்டை வாசித்தவர் இடர்ப்படவில்லை. எண் நிற்கும் இடம் எது, எழுத்து நிற்கும் இடம் எது என்பது அவர்க்குப் பழக்கத்தால் விளங்கியது. ஒரே குறி இரு பொருள் தருவது தன்னளவிற் குற்றமன்று. இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் மரபு எழுதுவோனுக்கும் வாசிப்போனுக்கும் பொதுவாக இருக்கும்வரை அது நிலைக்கும். அப்பொதுமரபு அறுபடும் இடத்திலேயே இடர் தோன்றுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்தி அதனை அறுத்தது.

ஒரு புள்ளி தந்த இழப்பு

1866இல் அத்திலாந்திக் கடலடித் தந்தி நிலையாக இயங்கத் தொடங்கியபோது, 20 சொற்களைக் கொண்ட செய்தியொன்றுக்கு 20 பவுண் கட்டணம் அறவிடப்பட்டது. சொல்லுக்கு ஒரு பவுண் என்னும் அந்நிலையில் ஒவ்வொரு சொல்லும் ஒரு செலவாயிற்று. எனவே ஒரு முழு வாக்கியத்தை ஒரு சொல்லில் அடக்கும் குறிநூல்கள் தோன்றின. வணிகர் சிலர் தமக்கெனத் தனிக் குறிநூல்களை ஆக்கிக்கொண்டனர். வேறு சிலர் அச்சிட்டு விற்கப்பட்ட பொதுக் குறிநூல்களைப் பயன்படுத்தினர். 1870களில் வில்லியம் குளோசன்-தூ வெளியிட்ட ஏ.பி.சி. குறிநூல் அவற்றுட் பெயர் பெற்றதாகும்.

இம்முறையின் ஆபத்தை 1887ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது. பிலடெல்பியா நகரத்துக் கம்பளி வணிகர் பிராங்க் பிறிம்றோஸ், கம்பளி கொள்முதல் செய்வதற்காகக் கன்சாஸ் மாநிலத்துக்கு அனுப்பியிருந்த தம் முகவருக்கு அவ்வாண்டு யூன் 16ஆந் திகதி ஒரு தந்தி அனுப்பினார். தமக்குள் வகுத்துக்கொண்ட குறிமொழியும் சாதாரண ஆங்கிலமும் அதிற் கலந்திருந்தன. குறிமொழியிற் 'பே' என்னும் சொல்லுக்கு 'நான் வாங்கிவிட்டேன்' என்பது பொருள். 'குவோ' என்பது ஐந்து இலட்சம் இறாத்தலைக் குறித்தது. எல்லா வகைக் கம்பளியிலும் ஐந்து இலட்சம் இறாத்தல் வாங்கியாயிற்று, அதிற் பாதியை விற்றிருக்கவும் கூடும் என்று அறிவிப்பதே வணிகரின் நோக்கம்.

முகவரின் கையிற் கிடைத்த தந்தியில் அச்சொல் 'பை' என மாறியிருந்தது. ஆங்கிலத்தில் அதன் பொருள் 'வாங்கு' என்பதாகும். மோர்ஸ் முறையில் 'ஏ' எழுத்து ஒரு புள்ளியும் ஒரு கோடும். 'யூ' எழுத்து இரு புள்ளிகளும் ஒரு கோடும். ஒரு புள்ளி கூடியதால், முடிந்துபோன செயலைக் கூறிய செய்தி இனிச் செய்ய வேண்டியதைப் பணிக்கும் கட்டளையாயிற்று. முகவர் கட்டளைப்படியே கம்பளியை வாங்கிக் குவித்தார். தமக்கு 20,000 டொலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டதாகக் கூறிப் பிறிம்றோஸ் வெஸ்ரேண் யூனியன் தந்தி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்.

வழக்கு ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் வரை சென்று 1894இல் தீர்க்கப்பட்டது. தந்திப் படிவத்தின் பின்புறத்தில் ஒரு நிபந்தனை அச்சிடப்பட்டிருந்தது. செய்தியைத் திருப்பி அனுப்பிச் சரிபார்க்க விரும்புவோர் மேலும் பாதிக் கட்டணம் செலுத்த வேண்டும். அவ்வாறு செலுத்தாதோர் செய்திக்குக் கட்டிய பணத்துக்கு மேற் கோர முடியாது என்பது அதன் சாரம். பிறிம்றோஸ் அதனைச் செலுத்தவில்லை. அன்றியும், செய்தி குறிமொழியில் இருந்தமையால் அதன் பொருளையோ பிழை நேரின் விளையும் இழப்பையோ நிறுவனம் அறிந்திருக்க வழியில்லை என்றும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. ஆகவே வணிகர் பெறக்கூடியதாக இருந்தது அவர் தந்திக்குச் செலுத்திய 1 டொலர் 15 சதம் மாத்திரமே.

இந்நிகழ்ச்சியை வெறும் விபத்தெனத் தள்ளிவிட முடியாது. பிழை தந்திக் கம்பியில் நேர்ந்தது. ஆனால் அப்பிழைக்குப் பொருளைக் கொடுத்தது குறிமொழியின் அமைப்பேயாகும். வாங்கிவிட்டேன் என்பதற்கு, வாங்கு என்னும் சாதாரணச் சொல்லிலிருந்து ஓரெழுத்தால் மட்டும் வேறுபடும் சொல்லைத் தேர்ந்தது முதற் குறை. குறிச்சொல்லும் சாதாரணச் சொல்லும் வேறுபாடின்றிக் கலக்க விட்டது இரண்டாவது குறை. அத்தந்தியிற் பிறிதொரு சொல்லும் பிழையாகச் சென்றிருந்தது. 'டெஸ்பொட்' என்னும் முதற் சொல் 'டெஸ்ட்றோய்' என மாறியிருந்தது. அவ்விடத்திற் பெருங்கேடு விளையவில்லை. பொருளற்றதாகத் தோன்றும் பிழை வாசிப்பவனை ஐயுறச் செய்யும். பொருத்தமான வேறொரு பொருளைத் தரும் பிழையோ அவனை ஐயுற விடுவதில்லை. ஆகவே அதுவே கொடியது.

குறிநூல்கள் கற்ற பாடம்

தொடக்ககாலக் குறிநூல்கள் அகராதியிலுள்ள உண்மைச் சொற்களையே குறிகளாகக் கொண்டன. உண்மைச் சொற்களுட் பல ஓரெழுத்தால் மட்டுமே வேறுபடுவன என்பதால் இடர் தொடர்ந்தது. அதனைத் தீர்க்கச் சர்வதேசத் தந்தி ஒன்றியம், அனுமதிக்கப்பட்ட குறிச்சொற்களின் பட்டியலொன்றை 1894இல் வெளியிட்டது. இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இருந்தன. ஆயினும் வணிகர் தத்தம் நூல்களைக் கைவிட விரும்பாமையால் அம்முயற்சி நிலைபெறவில்லை.

1903இல் இலண்டனிற் கூடிய தந்தி மாநாடு வேறொரு வழியைத் திறந்தது. உச்சரிக்கக் கூடியதாயிருப்பின், பத்தெழுத்துக்கு மேற்படாத செயற்கைச் சொற்களையும் ஒரு சொல்லாக ஏற்கலாம் என அது விதித்தது. உடனே ஐந்தெழுத்துக் குறிச்சொற்கள் பெருகின. இரண்டை ஒட்டி எழுதினால் ஒரு சொல்லுக்கான கட்டணத்தில் இரு வாக்கியங்கள் சென்றன. 1906இல் வெளிவந்த பென்ட்லியின் குறிநூல் இவ்வகையில் மிகப் பரவலாக வழங்கியது. இக்காலக் குறிநூல் ஆக்கியோரிடையே ஒரு விதியும் வேரூன்றியது. நூலிலுள்ள எந்த இரு குறிச்சொற்களும் குறைந்தது இரண்டு எழுத்துக்களால் வேறுபட வேண்டும் என்பதே அது. இவ்விதிப்படி ஓரெழுத்து மாறினால், மாறிய சொல் நூலில் எங்கும் இராது. பெறுபவர் பிழையை அப்பொழுதே கண்டுகொள்வார்.

1950இல் றிச்சட் ஹமிங் என்னும் அமெரிக்கக் கணிதவியலாளர் பிழை காட்டும் குறிகளுக்கும் பிழை திருத்தும் குறிகளுக்கும் கணித அடிப்படை வகுத்தார். குறிகளுக்கிடையே இருக்க வேண்டிய தூரம் என்னும் கருத்து அதிற் செப்பமாக எடுத்துரைக்கப்பட்டது. தம் பணத்தை இழந்து பாடம் கற்ற வணிக உலகம் அதன் எளிய வடிவமொன்றை அரை நூற்றாண்டுக்கு முன்பே கைக்கொண்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. சுருக்கம் தானாகத் தெளிவைத் தராது. ஒரு பகுதி சுருக்கத்தை விட்டுக்கொடுத்தே தெளிவைப் பெற வேண்டும் என்பதே அப்பாடத்தின் சாரம்.

கணனி மொழிகளின் இரு துருவங்கள்

கணனிகள் வணிகத்திற் புகுந்தபோது இதே சிக்கல் புதுவடிவிற் தோன்றியது. 1959இல் ஐக்கிய அமெரிக்காவில் வணிகச் செய்நிரல்களுக்கெனப் பொதுமொழி ஒன்றை வகுக்கும் குழு அமைக்கப்பட்டது. கிறேஸ் ஹொப்பர் உருவாக்கிய புளோ-மற்றிக் மொழியின் செல்வாக்கு அதிற் பெரிதாக இருந்தது. அதன் விளைவாகப் பிறந்த கோபோல் மொழி, ஆங்கில வாக்கியம் போலவே செய்நிரலை எழுதும் முறையை மேற்கொண்டது. 'இதனை அதனாற் பெருக்கி விடையை இன்னதில் இடுக' என்பதை முழுச் சொற்களால் எழுதலாம். கணனி வல்லுநரல்லாத முகாமையாளரும் வாசித்து விளங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். செய்நிரல் நீண்டது, எழுதுவோர் சலித்தனர். எனினும் கோபோல் ஒரு நல்ல வழக்கத்தை ஏற்படுத்தியது. அடிக்கடி வரும் சில சொற்களுக்கு அது குறுவடிவமும் அளித்தது. 'பிக்சர்' என எழுத வேண்டிய இடத்திற் 'பிக்' என எழுதலாம். குறுவடிவம் நெடுவடிவத்தின் இடத்தைப் பறிக்கவில்லை; அதன் பக்கத்தில் நின்றது. இரண்டும் ஒரே பொருளையே தந்தன.

மறு துருவத்தில் நின்றவர் கனடாவிற் பிறந்த கெனத் ஐவர்சன். ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கற்பித்த காலத்தில் அவர் ஒரு புதிய குறியீட்டு முறையை வகுத்து, ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்த பின்னர் 1962இல் அதனை நூலாக வெளியிட்டார். ஏ.பி.எல். எனப்படும் மொழி அதிலிருந்தே பிறந்தது. பலநூறு விலைகளைக் கொண்ட நிரை முழுவதையும் ஒரே குறியாற் கூட்டவும், புரட்டவும், வரிசைப்படுத்தவும் அதில் இயலும். கோபோலிற் பக்கம் நிறைய எழுத வேண்டியதை ஏ.பி.எல். ஓரிரு வரிகளில் அடக்கிற்று.

ஐவர்சனின் நோக்கம் வெறுஞ் சுருக்கமே எனக் கருதுவது பொருந்தாது. வழக்கிலுள்ள கணிதக் குறியீடு ஒழுங்கற்றது என்பது அவர் கொண்ட குறை. கூட்டற்குறி இரண்டு எண்களின் நடுவில் நிற்கின்றது. தொடர்பெருக்கக் குறி எண்ணின் பின்னால் நிற்கின்றது. தனிப்பெறுமானக் குறி இரு புறமும் நிற்கின்றது. அடுக்குக்கோ குறியே இல்லை, எண்ணை உயர்த்தி எழுதுவதோடு சரி. இவையனைத்தையும் ஒரே விதியின் கீழ்க் கொண்டுவர அவர் முயன்றார். எக்குறிக்கும் முன்னுரிமை இல்லை. வலமிருந்து இடமாகச் செயற்படுத்துக என்பதே அவ்விதி. அதனால் 2×3+4 என எழுதினால் ஏ.பி.எல். தரும் விடை 10 அன்று, 14 ஆகும். விதி மிக எளியது. எனினும் பாடசாலையிற் கற்ற வழக்கத்தோடு முரண்படுவது. ஆகவே புதிதாய் வருபவனுக்குத் தன் பிழை தெரியாமலே பிழைபட இடமுண்டு. 1979இல் ஐவர்சனுக்கு ரூறிங் பரிசு வழங்கப்பட்டது. அப்போது ஆற்றிய உரையில், நல்ல குறியீடு சிந்தனைக்கே கருவியாகும் என அவர் வலியுறுத்தினார். ஒல்லாந்து நாட்டுக் கணனி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா போன்றோர் அம்மொழியைக் கடுமையாக மறுத்தனர். இருசாராரும் நோக்கியது ஒரே பண்பைத்தான். தான் எழுதியதைத் தானே காணும் சிந்தனையாளனுக்கு அது வரமாகத் தோன்றியது. பிறன் எழுதியதை வாசிக்க வேண்டியவனுக்குச் சுமையாகத் தோன்றியது.

கே மொழியும் கியூ மொழியும்

ஏ.பி.எல். மரபு பங்கு வணிகத்தில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. ஒரு பங்கின் நாளாந்த விலைகள் எண்களின் நீண்ட நிரையாகும். நிரையை ஒரே பொருளாகக் கையாள்வதே அம்மரபின் பலமாகும். 1988இல் மோகன் ஸ்ரான்லி முதலீட்டு வங்கியிற் பணியாற்றிய ஆதர் விற்னி, ஏ.பி.எல். வழியில் 'ஏ' என்னும் மொழியை ஆக்கினார். 1993இல் 'கே' மொழி தோன்றியது. அவர் பங்குகொண்டு நிறுவிய கே.எக்ஸ். நிறுவனம் அதனை நிதித்துறைக்கு வழங்கியது.

ஏ.பி.எல். மொழிக்குத் தனிக்குறிகளும் அவற்றைப் பொறிக்கத் தனி எழுத்துருளைகளும் வேண்டியிருந்தன. கே மொழி சாதாரண விசைப்பலகையில் உள்ள குறிகளோடு அமைந்தது. அதனாற் பயன்பாடு எளிதாயிற்று. ஆயின் குறிகளின் தொகை குறைந்ததால் ஒவ்வொரு குறியும் பல பணிகளைச் சுமக்க நேர்ந்தது. # என்னும் குறி எண்ணுக்கும் நிரைக்கும் நடுவில் நின்றால், அத்தனை உறுப்புக்களை எடுத்துத் தருக எனப் பொருள்படும். நிரையின் முன் தனித்து நின்றால், எத்தனை உறுப்புக்கள் உள எனக் கேட்கும். * நடுவில் நின்றாற் பெருக்கல். தனித்து நின்றால் முதல் உறுப்பு. | நடுவில் நின்றால் இரண்டிற் பெரியது. தனித்து நின்றால் நிரையைப் புரட்டுவது. பயின்றவன் கைக்கு இது மிக விரைவான கருவி. ஒரு முழுத் தீர்வையும் ஒரே பார்வையில் அடக்கிக் காண முடிவதால், நீண்ட செய்நிரலில் மறைந்து நிற்கும் பிழைகள் சில அங்கு வெளிப்படையாகவே தெரியும். ஆயினும் ஒரு குறியின் இடப்புறத்தில் ஏதேனும் விடுபட்டுப் போனால், பிழைக்குப் பதிலாக வேறொரு செல்லுபடியான பொருள் தோன்றக்கூடும். பிறிம்றோஸின் தந்தியிற் கண்ட அதே இயல்பு இதுவாகும்.

2003இல் அதே நிறுவனம் 'கியூ' என்னும் மொழியை வெளியிட்டது. அகத்தே அது கே மொழியின் மேலேயே அமைந்தது. புறத்தே ஒரு முக்கிய மாற்றம் செய்யப்பட்டது. குறிகள் நடுவில் நிற்கும்போது கொண்ட பொருள்கள் அவ்வாறே இருந்தன. தனித்து நிற்கும்போது கொண்ட பொருள்களுக்கோ குறிகள் விலக்கப்பட்டு ஆங்கிலச் சொற்கள் இடப்பட்டன. எண்ணுதற்கு 'கவுண்ட்', முதல் உறுப்புக்கு 'ஃபேஸ்ட்', புரட்டுதற்கு 'றிவேஸ்' என எழுத வேண்டும். தரவுகளைத் தெரிந்தெடுக்கப் பலருக்கும் பழக்கமான வினவல்மொழியின் சொற்களும் சேர்க்கப்பட்டன. வலமிருந்து இடமாகச் செயற்படும் விதி மாறவில்லை. நிரைகளை முழுதாகக் கையாளும் ஆற்றலும் குன்றவில்லை. ஒரு குறிக்கு ஒரு பணி என்னும் நிலையை நோக்கிச் சில எழுத்துக்களின் செலவில் மொழி நகர்ந்தது. பெரும் வங்கிகளில் அது பரவியதற்கு அதன் வேகமும் தரவுத்தளமும் காரணங்களாயின. எனினும் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துப் பேண வேண்டிய பெருநிறுவனங்களில் இம்மாற்றம் சிறிய உதவியன்று.

வர்த்தகனே எழுதும் மொழி

செய்நிரல் எழுதப் பயிலாத வர்த்தகரும் தம் விதிகளைக் கணனிக்கு உரைக்க விரும்பினர். 1982இல் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற் குறூஸ் சகோதரர் நிறுவிய ஒமேகா றிசேர்ச் என்னும் நிறுவனம் அவர்களுக்கென ஈஸிலாங்குவேஜ் என்னும் மொழியை ஆக்கியது. 1991இல் வெளிவந்த அதன் ட்றேட்ஸ்ரேஷன் மென்பொருள் அம்மொழியாற் புகழ்பெற்றது. முந்திய நாளின் முடிவு விலையை அதில் மூன்று வகையாக எழுதலாம். 'குளோஸ் ஒவ் 1 பார் அகோ' என்பது வாக்கிய வடிவம். 'குளோஸ் [1]' என்பது இடைநிலை வடிவம். 'சீ [1]' என்பது மிகக் குறுகிய வடிவம். மூன்றும் ஒன்றே. அன்றியும் 'ஒவ்', 'அட்', 'த' போன்ற சொற்களைக் கணனி பொருட்படுத்தாது கடந்துவிடும். அவை வாசிக்கும் மனிதனின் கண்ணுக்காகவே இருக்கின்றன. கோபோல் காட்டிய வழி இங்கு முழுமை பெற்றது எனலாம்.

இடைநிலை வடிவமாகிய [1] சுருக்கமும் தெளிவும் ஒருங்கே வாய்ந்தது. அடைப்பினுள் நிற்கும் எண் எத்தனை நாள் பின்னோக்கியது என்பதையே குறிக்கும். வேறு மென்பொருள்களின் வழக்கு இதற்கு மாறானது. மெற்றாஸ்ரொக், அமிபுறோக்கர் ஆகியவற்றிற் 'றெவ்' என்னும் செயலுறுப்பைக் கொண்டு முந்திய நாளின் விலையைக் கேட்போர் −1 என எழுத வேண்டும். கழித்தற்குறியை மறந்து 1 என எழுதினால், கணனி மறுநாளின் விலையைத் தரும். 2008 முதல் உருவாகி, பைதன் மொழியில் எழுதுவோரிடையே பரவிய பண்டாஸ் என்னும் தொகுப்பிலோ முறை மறுதலையாகும். அங்கு 'ஷிஃப்ட்' என்பதற்கு 1 இடுவது கடந்த நாளையும் −1 இடுவது வரும் நாளையும் தரும்.

இவ்வேறுபாட்டின் விளைவு எளிதன்று. ஒரு வர்த்தக விதியைப் பழைய விலைகளின் மீது இயக்கிச் சோதிப்பது வழக்கம். குறி பிறழ்ந்து நாளைய விலை இன்றைய முடிவிற் புகுந்துவிட்டால், நடந்து முடிந்ததை அறிந்தவன் பந்தயம் கட்டுவது போலச் சோதனை அபாரமான இலாபத்தைக் காட்டும். கணனி பிழையென எச்சரிக்காது; ஏனெனிற் கேட்கப்பட்டது செல்லுபடியான வினாவேயாகும். அவ்விலாபத்தை நம்பி மெய்ப்பணத்தை இடும்போதே உண்மை வெளிப்படும். ஒரு கழித்தற்குறி இங்கு மோர்ஸின் ஒரு புள்ளிக்கு நிகராகின்றது.

தெளிவான மொழியும் காலப்போக்கில் தெளிவிழக்கக் கூடும் என்பதற்கு ஈஸிலாங்குவேஜே சான்று தருகின்றது. ட்றேட்ஸ்ரேஷனின் 2000ஐ பதிப்பு வரை 'செல்' என்னும் சொல், கையில் இல்லாத பங்கை முன்விற்பனை செய்வதைக் குறித்தது. கையிலுள்ளதை விற்று வெளியேற 'எக்சிட்லோங்' என எழுத வேண்டும். அடுத்த 6ஆம் பதிப்பில் இது மாறியது. 'செல்' என்பது உள்ளதை விற்பதையும், 'செல் ஷோட்' என்பது முன்விற்பனையையும் குறிக்கலாயின. புதிய வழக்கே சந்தையின் வழக்கோடு பொருந்துவது என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய நூல்களிலும் பழைய கோவைகளிலும் அச்சொல் பழைய பொருளிலேயே நின்றது. பதிப்பை அறியாது அவற்றை வாசிப்பவன் வெளியேறுதலையும் முன்விற்பனையையும் மாறிக் கொள்வான்.

ஒரே கொடி, இரு பொருள்

பழைய குறிக்குப் புதுப்பொருள் தருவதன் கேடு 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆந் திகதி நியூயோர்க்கில் வெளிப்பட்டது. நைற் கப்பிற்றல் என்னும் பங்குத்தரகு நிறுவனம் தன் கட்டளை அனுப்பும் செய்நிரலிற் புதிய பகுதியொன்றைச் சேர்த்தது. அதனை இயக்குவதற்குப் புதிய குறியொன்றை வகுக்காமல், பல ஆண்டுகளாகக் கைவிடப்பட்டிருந்த பழைய பகுதியொன்றை இயக்கி வந்த கொடி எனப்படும் அடையாளத்தையே மீண்டும் பயன்படுத்தினர். பழைய பகுதி நீக்கப்படும் என்பதால் முரண்பாடு எழாது என்பது அவர்களின் எண்ணம். ஆனால் எட்டுக் கணனிகளுள் ஒன்றிற் புதிய செய்நிரல் ஏற்றப்படவில்லை. ஏழு கணனிகள் அக்கொடியைப் புதுப்பொருளில் வாசித்தன. எட்டாவது பழைய பொருளில் வாசித்தது.

வாடிக்கையாளரின் 212 கட்டளைகளை நிறைவேற்ற முற்பட்ட அக்கணனி, நிறைவேறியதை அறியாது மேலும் மேலும் கட்டளைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. ஐக்கிய அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழுவின் 2013ஆம் ஆண்டுக் கட்டளையின்படி, 45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 இலட்சம் கொடுக்கல் வாங்கல்கள் நடந்தன. கைமாறிய பங்குகள் 39 கோடி 70 இலட்சத்துக்கு மேற்பட்டன. இழப்பு 46 கோடி டொலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து தன் தனி இருப்பை இழந்தது. சோதனைகளின் குறைவும் மேற்பார்வையின் தளர்வும் இவ்வழிவிற்குக் காரணங்களாக எடுத்துக்காட்டப்பட்டன. எனினும் அவற்றுக்கு இடங்கொடுத்தது ஒரே குறி இருவருக்கு இருபொருள் தந்தமையேயாகும். கன்சாஸ் முகவரின் இடத்தில் இங்கு எட்டாவது கணனி இருந்தது. இருவரும் தாம் வாசித்ததைச் சரியாகவே செய்தனர்.

முடிபு

கணக்கேட்டின் குறி முதல் கணனி மொழி வரையான இவ்வரலாறு சுருக்கத்தைப் பழிக்கவில்லை. றெக்கோட்டின் சமன்குறியும், [1] என்னும் அடைப்பெண்ணும், ஐவர்சனின் நிரைச் செயல்களும் சுருங்கியமையாலேயே தெளிவு பெற்றன. நீட்சி தன்னளவிற் தெளிவாகாது. குறுக்கம் தன்னளவில் இருளாகாது. ஒரு சுருக்கம் நல்லதா என்பதை அதன் எழுத்துத் தொகையைக் கொண்டு தீர்மானிக்க இயலாது என்பதே இதிற் பெறப்படும் முதற் கருத்தாகும்.

தீர்மானிக்கத் தக்க அளவுகோல்கள் மூன்று இவ்வரலாற்றிற் கிடைக்கின்றன. சுருக்கம் சிறிது சிதைந்தால் அது பொருளற்றதாக வேண்டும், வேறு பொருளுடையதாகலாகாது. ஐந்தெழுத்துக் குறிநூல்கள் இதனைக் கற்பித்தன. குறுவடிவத்தின் அருகில் நெடுவடிவமும் அதே பொருளோடு நிலைக்க வேண்டும். கோபோலும் ஈஸிலாங்குவேஜும் இதனைக் காட்டின. ஒருமுறை ஒரு பொருளுக்கு அளித்த குறியைப் பிறிதொரு பொருளுக்கு மாற்றலாகாது, மாற்ற நேரின் பழையதை வாசிக்கும் எவரும் எஞ்சியிருக்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும். 2012ஆம் ஆண்டின் அழிவு இதனை உணர்த்தியது.

மொழியை வகுப்போரும் செய்நிரல் எழுதுவோரும் சுருக்கத்தைத் தேரும்போது தம் விரல்களின் உழைப்பையே பெரும்பாலும் கணக்கிடுகின்றனர். அந்த இலாபம் உடனே தெரிகின்றது. வாசிப்பவன் செலுத்தும் விலையோ தூரத்திலும் பிற்காலத்திலும் இருப்பதாற் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிறிம்றோஸ் ஒவ்வொரு தந்தியிலும் சில சதங்களை மிச்சம் பிடித்தார். அதன் மறுபக்கத்துக் கணக்கு 1887இல் ஒரே நாளில் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.